எங்கூட்டம்மாகிட்ட மாட்டுன நாயகி

எங்கூட்டம்மா, அதாங்க என்ற பொண்டாட்டி ராசாத்தாளுக்கு, நாவல் படிக்கற கிறுக்குங்க. கிறுக்குன்னு நான் சொன்னதா அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க. சூலூர்ல எங்க ஊட்டை ஒட்டியே தறிக்கொட்டாய். அந்தச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பேசி அவளுக்கு வெங்கலத் தொண்டை. காலையில சோறாக்கிப்போட்டுப் போனை எடுத்தாள்னா, தெனம் ஒரு அத்தியாயமா வர்ற காதல் கதை, கொலைக் கதை ஒண்ணு விடாமப் படிச்சுட்டுத்தான் கீழ வெப்பா.

படிச்சுட்டுச் சும்மா இருக்கலாமுல்ல? வாசகர் வாட்ஸப் குரூப்புல வாய்ஸ்ல விமர்சனம் போடுவா. "தப்பா நெனைச்சுக்காதீங்க கண்ணு"ன்னு ஆரம்பிச்சாள்னா, எழுதுனவங்களுக்கு அன்னைக்குச் சோறு எறங்காது.

"அவன் அவ கையப் புடிச்சு முறுக்கறானாமா, அவளுக்கு வெக்கம் வருதாமா. வலியல்லங்க வரோணும்? அவனைக் கம்பெனி மொதலாளிங்கறீங்க. எந்நேரமும் இவ பொறகாலயே சுத்துனா ஆளுகளுக்குச் சம்பளம் யாருங்க போடறது?"

கொலைக் கதைக்காரங்களையும் உட மாட்டா. "கொலை செஞ்சவனைக் கடைசி அத்தியாயத்துல பஸ் ஏத்திக் கூட்டியாராதீங்க சாமி. மொதல்லயிருந்து ஊட்டுக்குள்ளயே காப்பி குடிச்சிட்டு உக்காந்திருக்கோணும், நமக்குத்தான் தெரியப்படாது." அத்தனையும் 'ங்க' போட்டுத்தான் சொல்லுவா. மரியாதையா அடிச்சா வலிக்காதுன்னு அவ நெனைப்பு.

இப்படி இருக்கயில எங்க மக பிரவீனாவைக் கொடுமுடியிலிருந்து பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்ளை கவினும் அவளும் கோயமுத்தூர்ல ஒரே கம்பெனி, ஏற்கனவே ஒருத்தரையொருத்தர் புடிச்சுப்போச்சு. கவினோட அப்பா சரின்னுட்டார். "எங்கம்மா மனசு வெச்சாத்தானுங்க மாமா"ன்னு கவின் முன்னாலயே சொல்லியிருந்தான். பிரவீனாவுக்கு அந்தக் கவலையில சோறு தண்ணி எறங்கல. நான் ராசாத்தாளைக் கையெடுத்துக் கும்புட்டேன். "மகராசி, இன்னைக்கு ஒரு நாளைக்கு அந்தம்மா என்ன கேட்டாலும் நல்லாருக்குன்னு சொல்லிப்போடு."

"எனக்குத் தெரியாதாக்கும்"னு மொறைச்சா.

கவினோட அம்மா பேரு சாந்தாமணி. புருசன் வாயத் தெறந்தா தன் வாய மூடிக்கற அம்மா. ராசாத்தா காப்பியக் குடுத்துட்டு, "தப்பா நெனைச்சுக்காதீங்க கண்ணு, சக்கரை தூக்கலாப் போயிருச்சு"ன்னா. அந்தம்மா கையில டம்ளர் அப்படியே நின்னுபோச்சு.

"நீங்க... குரூப்புல வாய்ஸ் போடற ராசாத்தாளக்காங்களா?"

எங்கூட்டம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. "ஆமாங்க! நீங்களும் படிப்பீங்களா?"

"நாந்தானுங்க பொன்னித்தூறல்."

அட கெரகமே! அந்தப் புனைபேர்ல எழுதறவங்களைத்தானுங்க போன வாரம் இவ தொவைச்சுக் காயப்போட்டா. கதையில நாயகிதான் கொலை செஞ்சாள்னு சந்தேகப்பட்டு நாயகன் அவளை ஊட்டை உட்டு வெரட்டறான். கடைசியில அவகிட்டயே வந்து நிக்கறான், அவளும் மன்னிச்சுப்போடறா. "அந்தப் புள்ளைக்கு முதுகெலும்பு வெக்க மறந்துபோட்டீங்களா கண்ணு"ன்னு இவ கேட்டது எங்க வீதிக்கே கேட்டுச்சு.

சாந்தாமணி புருசன் திரும்பினார். "நீ கதை எழுதறயா? எப்ப இருந்து?"

"மூணு வருசமாச்சுங்க"ன்னாங்க, அவரைப் பாக்காம.

"போனை நோண்டிட்டிருந்தா சமையல் வீடியோ பாக்கறாள்னு நெனைச்சேன்"னு என்னைப் பாத்துச் சிரிச்சார். நானும் சேந்து சிரிச்சு வெச்சேன், வேற என்ன பண்றது?

அந்தம்மா ராசாத்தாகிட்டக் கேட்டாங்க. "நெசமாலுமே அந்த முடிவு புடிக்கலைங்களாக்கா?"

நான் ராசாத்தா காலை மிதிச்சேன். கதவோரத்துல நின்ன பிரவீனாவுக்குக் கண்ணுல தண்ணி முட்டிருச்சு. ராசாத்தா மகளைப் பாத்தா, "நல்லா..."ன்னு இழுத்தா. அதுக்கு மேல வரல.

"புடிக்கலைங்க. இத்தனை பாடுபட்டு எழுதியிருக்கீங்க. உங்ககிட்டப் போயிப் பொய் சொல்லுவனுங்களா?"

போச்சு, சம்மந்தம் போச்சுன்னு நான் சேர்ல சாஞ்சுட்டேன்.

சாந்தாமணி கோவிக்கல. "எல்லாரும் சூப்பர்னு பூப்படம் போட்டாங்க. வரி வரியாப் படிச்சது நீங்க ஒருத்தர்தானுங்க. ஏன் மன்னிச்சாள்னு கேட்டீங்களே... மன்னிக்காம இருந்தா மறுநாக் காலையில அவ என்ன செய்வாள்னு எனக்குத் தெரியலைங்கக்கா. நான் அப்படி இருந்து பாத்ததில்லைங்க."

அவங்க புருசன் சிரிப்பை நிறுத்திட்டார். எங்கூட்டம்மா அந்தம்மா கையப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்துட்டா.

அப்பறம் சாந்தாமணி அவங்க கொண்டாந்த தட்டுல இருந்த மல்லிகைப்பூவைக் கையில எடுத்தாங்க. "அம்மணி, இங்க வா. எம்பையன் நல்லவந்தான். இருந்தாலும், என்னைக்காவது உன்னைச் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை சொன்னான்னா, மன்னிச்சுப்போடாதே. அதுக்குச் சரின்னாத்தான் இந்தப் பூவை வெப்பேன்."

பிரவீனா கவின் பக்கம் திரும்பவே இல்லைங்க. "சரிங்கத்தை"ன்னு பூ வெக்கறதுக்குத் தலையக் குனிஞ்சா.