யார் தட்டினாலும் திறக்காதீங்க

எங்கள் குரோம்பேட்டை அடுக்ககத்தில் வீட்டை நாள் வாடகைக்கு விட சங்கம் தடை போட்டிருக்கிறது. நானோ, வருபவர்களை உறவினர்கள் என்று சொல்லி, காலியாக இருந்த என் ஃபிளாட்டை நாள் வாடகைக்கு விட்டுவந்தேன். "யார் தட்டினாலும் திறக்காதீங்க" என்று சொல்லித்தான் சாவி கொடுப்பேன்.

போன மாதம் அந்த ஃபிளாட்டுக்கு எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காவின் கணவருக்கு நெஞ்சுவலி. அக்கா ஓடிவந்து அந்தக் கதவைத்தான் தட்டியிருக்கிறார். உள்ளே டிவி ஓடியது, யாரும் திறக்கவில்லை. கீழ்வீட்டுக்காரர் காரில் கொண்டுபோனதால் அவர் பிழைத்தார்.

ஆஸ்பத்திரியில் அக்கா என்னிடம், "உங்க சொந்தக்காரங்க டிவி போட்டுட்டே தூங்கிட்டாங்க போல. பாவம், திட்டிடாதீங்க" என்றார். கூசிப்போனேன். அங்கேயே உண்மையைச் சொன்னேன்.

இப்போது ஒரு குடும்பத்தை நிரந்தரமாகக் குடிவைத்திருக்கிறேன். "எதிர்வீட்டுல கூப்பிட்டா உடனே ஓடுங்க" என்று சொல்லித்தான் சாவி கொடுத்தேன். அக்கா மட்டும் இன்னும் அந்தக் கதவைத் தட்டியதில்லை.