வெயிலுகந்தம்மாளுக்கு ஒரு கொடிவழி

பத்திரம் எழுதுகிறவன் நிலத்தின் நான்கு எல்லையைத் தெரிந்துகொண்டால் பிழைத்துக்கொள்ளலாம்; கொடிவழி எழுதப் போனால் எல்லையே கிடையாது. தாத்தாவுக்குத் தாத்தாவைத் தேடி அலைந்திருக்கும் உங்களுக்கு இந்தப் பாடு தெரியும். தேடுவது பெண்ணாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கோவில்பட்டியில் இருபது வருஷமாக எழுதுகிறேன். வெயிலுகந்தம்மாள் படுத்தியதுபோல் என்னை யாரும் படுத்தியதில்லை.

வரப்பில் நின்றவர்

புதியம்புத்தூரில் தையல் யூனிட் வைத்திருக்கும் ஜெயராணி, எண்பது தாண்டிய தன் அப்பாவோடு வந்தார். எப்போதும்வென்றான் பக்கம் ஒரு கரிசல் காட்டில் வெயிலுகந்தம்மாளுக்குப் பீடம் இருக்கிறது. போன நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டில் பிறந்த மனுஷி. பங்குனிக் கொடைத் திருவிழாவுக்கு அவள் வம்சத்தார் வீட்டுக்கொரு சேலை படைப்பார்கள். அவள் தன் அப்பாவைப் பெற்றவள் என்கிறார் பெரியவர். பங்காளிகள் நம்பவில்லை. பெரியவரின் அப்பா பிழைப்புக்காகச் சின்ன வயதிலேயே ஊரைவிட்டுப் போனவர்.

போன கொடைக்குப் பெரியவர் சேலையோடு போய், வரப்பில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார். தான் கண்ணை மூடுவதற்குள் ஒரு சேலையாவது வைத்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. பீடத்தைப் பார்த்துக்கொள்ளும் பங்காளி சுப்பையா அண்ணாச்சி அன்று அவரை நிறுத்திக் கேட்டிருக்கிறார். "எங்க வகையறால மூத்த பொண்ணுக்கு அவ அப்பனைப் பெத்தவ பேருதான் வைப்போம். உங்க வீட்டுல இந்த அம்மை பேரு யாருக்கு இருக்கு?"

பெரியவரின் மூத்த அக்கா பெயர் பாப்பா.

மேற்படியார் மனைவி

சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரங்களுக்கு நகல் மனுப் போட்டுப் பார்த்தேன். ஆண்களுக்குப் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொழில் எல்லாம் இருந்தது. பெண்கள் வருகிற இடமெல்லாம் 'மேற்படியார் மனைவி', 'மேற்படியார் மகள்'. எழுதியவர்களும் என் தொழில்காரர்கள்தான் என்பதால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. மூன்று வாரம் குனிந்து பார்த்ததில் கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

நகல் எடுத்துத் தந்த ஊழியர் பரிதாபப்பட்டார். "பொம்பளையாளு பேரைத் தேடி வந்த மொத ஆளு நீங்கதான் அண்ணாச்சி. மத்தவங்கள்லாம் சர்வே நம்பரைத்தான் தேடுதாவ."

கழுகுமலை பஸ்

கடைசியில் பாப்பா அக்கா வாழ்க்கைப்பட்ட கழுகுமலைக்கே பஸ் ஏறினேன். அக்கா காலமாகிவிட்டார். அவருக்குக் கல்யாணமானபோது பெரியவருக்கு மூன்று வயதாம். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்வரும் மகள்தான் காப்பி கொடுத்தார். அவர் அம்மா பெயருக்கு ஏதாவது காகிதம் உண்டா என்று கேட்டேன். பழைய ரேஷன் கார்டு வந்தது. அதில் அம்மா பெயர் வெயிலுகந்தம்மாள்.

காப்பியை வைத்துவிட்டு எழுந்தே விட்டேன். அப்படியானால் பாப்பா யார் என்று கேட்டதற்கு அந்தம்மா சிரித்துக்கொண்டே சொன்ன பதிலில் என் வீடே எனக்குத் தெரிந்தது. என் வீட்டிலும் என் அம்மா பெயரைத்தான் மகளுக்கு வைத்திருக்கிறோம். என் மனைவி அவளைக் கண்ணு என்றுதான் கூப்பிடுகிறாள். வீட்டிலேயே விடையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் அலைந்திருக்கிறேன்.

"அது எங்க அம்மையைப் பெத்த ஆச்சியோட மாமியா பேருல்லா. அதை ஆச்சி வாயால சொல்லுவாளா? அவ பாப்பான்னு கூப்பிட்டா, வீடே பாப்பான்னு கூப்பிட்டுச்சு" என்றார் அந்தம்மா.

பங்குனி வெள்ளிக்கிழமை

கொடையன்று காலையில் கொடிவழியையும் ரேஷன் கார்டையும் சுப்பையா அண்ணாச்சி கையில் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். பாப்பா ஏன் பாப்பாவானாள் என்று ஜெயராணி சொன்னபோது, சுப்பையா அண்ணாச்சியின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே வரப்புக்குப் போய், இந்த முறையும் அங்கேயே நின்ற பெரியவரின் கையைப் பிடித்தார்.

பெரியவர் அரக்குச் சேலையைப் பீடத்தில் வைத்துவிட்டு நிமிர மனமில்லாமல் கும்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதுவரை அவரை 'அவிய' என்று வேற்றாள் போலவே சொல்லிக்கொண்டிருந்த சுப்பையா அண்ணாச்சி, பந்தி போடுகிற இடத்தைக் காட்டினார். "வாங்க சித்தப்பா, மொத எலையில நீங்க உக்காருங்க. எங்க வீட்டுலயும் என்னைப் பெத்தவ பேரை வச்ச மூத்த பிள்ளையை என் பொஞ்சாதி அந்தப் பேரைச் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்ல."

மாமியாருக்கு மருமகள் காட்டிய மரியாதையால் ஒரு குடும்பமே வரப்பில் நின்றது என்று நான் எந்தப் பத்திரத்தில் எழுத முடியும், நீங்களே சொல்லுங்கள்.