சர்வர் மெமரியைத் தின்றது யார்

நான் வேலை பார்க்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் செவ்வாயும் வெள்ளியும் சேலை எடுக்கும் நாட்கள். பெரிய காஞ்சிபுரத்துத் தெருக்களிலிருந்து உறுப்பினர்கள் நெய்து முடித்த பட்டுச் சேலையைத் துணியில் சுற்றிக்கொண்டு காலை ஒன்பது மணிக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். கவுன்டரில் சேலையை அளந்து, எடை போட்டு, கம்ப்யூட்டரில் பதிந்த பிறகுதான் அடுத்த பாவுக்குச் சீட்டு. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். அது கிடைக்காவிட்டால் வீட்டில் தறி சும்மா நிற்கும். இந்தப் பதிவெல்லாம் போய் உட்காரும் யூனிக்ஸ் சர்வரையும் அதில் ஓடும் டேட்டாபேஸையும் பார்த்துக்கொள்வது என் வேலை.

எனக்கு நெசவு தெரியாது. தென்னேரிப் பக்கம் விவசாயக் குடும்பம். வாலாஜாபாத்தில் பஸ் மாறி வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் கம்ப்யூட்டர். அது தெரியும் என்கிற கர்வமும் கொஞ்சம் உண்டு. "உனக்கு வாய் முன்னால போவுது, புத்தி அடுத்த பஸ்சுல வருது" என்பார் என் கணவர். அவர் சொன்னதில் நான் மறுக்க முடியாதது அது ஒன்றுதான்.

கவுன்டரில் பதிவு செய்பவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தறியில் உட்கார்ந்தவர். முழங்கால் தேய்ந்து தறியின் மிதிகட்டையை மிதிக்க முடியாமல் போனதும் சங்கத்தில் இந்த வேலை கிடைத்தது. நாற்காலி வேலை என்பதால் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டே விரலால் டைப் அடிப்பார், ஆனால் தப்பு விழாது.

போன வருஷம் முகூர்த்த மாதங்கள் நெருங்கிய சமயத்தில் சர்வர் சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது. சேலை எடுக்கும் நாட்களில் காலையில் நன்றாக ஓடும். பதினொரு மணியைத் தாண்டினால் ஒரு சேலையைப் பதிய ஐந்து நிமிஷம். ஒரு செவ்வாய்க்கிழமை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து கவுன்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். செயலாளர் தன் அறையிலிருந்து இரண்டு முறை எட்டிப் பார்த்தார். மூன்றாவது முறை என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாமா ஆச்சு உன் சர்வருக்கு? ஜனங்க நம்மள காறித் துப்பறாங்க."

போய்ப் பார்த்தேன். மெமரி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இடம் போதாமல் சர்வர் மெமரியிலிருந்து டிஸ்க்குக்கும் டிஸ்க்கிலிருந்து மெமரிக்கும் சாமான்களை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தது. அந்த நிலைக்கு வந்த மெஷின் வேறு எந்த வேலையையும் உருப்படியாகச் செய்யாது. எந்த ப்ராசஸ், அதாவது சர்வரில் ஓடும் எந்த வேலை, எவ்வளவு மெமரி வைத்திருக்கிறது என்று பட்டியல் போட்டேன். டேட்டாபேஸின் ப்ராசஸ்கள் மட்டும் அறுபதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஐந்து ஜிபி, ஆறு ஜிபி என்று காட்டியது.

அறுபது எப்படி வந்தது என்று பார்த்தால், எல்லாம் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து வந்திருந்தன. அண்ணாவின் கம்ப்யூட்டர். எங்கள் மென்பொருளில் ஓர் உறுப்பினரின் பக்கத்தைத் திறந்தால் சர்வரில் அதற்கென்று தனியாக ஒரு ப்ராசஸ் தொடங்கும். பக்கத்தை மூடினால் அது போய்விடும். அண்ணா ஒன்றையும் மூடவே இல்லை. அவர் திரையின் அடியில் சின்னச் சின்னப் பெட்டிகளாக அறுபது பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன்ணா மூடல?" என்று கேட்டேன்.

"பாவு இன்னும் குடுக்கலியேம்மா. சாயப்பட்டறைலருந்து வரணும். வந்து கைல குடுத்தப்பால மூடிடுவேன்."

"அதுக்கு எதுக்குத் தெறந்து வைக்கணும்? திரும்பத் தெறந்துக்கலாமே."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பழைய பாவு முடியறப்ப அத்த மொத்தமா அறுத்துட மாட்டாங்கம்மா. நுனிய தறிலயே வுட்டு வெச்சிருப்பாங்க. புதுப் பாவு வந்ததும் ஒவ்வொரு இழையா அதோட பிணைப்பாங்க. அதுவரைக்கும் தறிய காலியா வுட்றதில்ல. பாவுக்குக் காத்துக்கினு இருக்கறவன் பேர மட்டும் எப்டிம்மா மூடறது?"

வரிசையில் நின்றவர்களும் இதற்குப் பழகியிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் கவுன்டருக்குள் தலையை நீட்டி, "என் பேரு தெறந்துக்கினு தான இருக்குது?" என்று உறுதி செய்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. காலையிலிருந்து வாங்கிய ஏச்சு வேறு.

"நீங்க இப்டி தெறந்து தெறந்து வெச்சதுலதான் சர்வர் படுத்துடுச்சு. அத்தன பேரும் காலையிலருந்து காத்துக்கினு இருக்கறது உங்களாலதான்ணா," என்றேன். மெல்லச் சொல்லியிருக்கலாம். இருபது பேருக்குக் கேட்கும்படி சொன்னேன்.

அவர் மவுஸைப் பிடித்து ஒவ்வொரு பெட்டியாக மூட ஆரம்பித்தார். மூடும் முன் அதில் இருந்த பெயரை ஒரு முறை படித்தார்.

செயலாளர் அறிக்கை கேட்டார். எழுதிக் கொடுத்தேன்: அறுபது ப்ராசஸ், ஒவ்வொன்றுக்கும் சுமாராக ஐந்து ஜிபி, மொத்தம் முன்னூறு ஜிபி, காரணம், கவுன்டர் ஊழியர் பக்கங்களை மூடாதது. எங்கள் சர்வரில் இருப்பதே முப்பத்திரண்டு ஜிபி. ஒரு படி அரிசி கொள்ளும் பானையில் பத்துப் படி எப்படிப் போகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கேட்கும். நான் கேட்கவில்லை. குற்றவாளி கையில் கிடைத்த பிறகு கணக்கைச் சரிபார்க்கத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை ஓர் உத்தரவு டைப் ஆகி வந்தது. அடுத்த புதன்கிழமை முதல் அண்ணாவுக்குப் பட்டுக் கிடங்கில் வேலை. கவுன்டருக்கு வேறு ஆள். கிடங்கு என்றால் நாள் முழுக்க நிற்க வேண்டும், ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து நூல் மூட்டைகளை இறக்க வேண்டும். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தாங்குவார். அதற்கப்புறம் தானாகவே வேலையை விட்டுவிடுவார். இது செயலாளருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் இடமாற்றமா கேட்டேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அண்ணா கண்ணும் கருத்துமாக இருந்தார். ஒரு பக்கம் திறப்பார், பதிவார், உடனே மூடுவார். ஒரு நேரத்தில் இரண்டுக்கு மேல் திறந்திருக்கவில்லை. நான் சர்வர் அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினொன்றேகால் ஆனது. மெமரி நிரம்பியது. சர்வர் செவ்வாய்க்கிழமை படுத்ததைப் போலவே படுத்தது.

வெளியே அண்ணாவின் குரல், "கொஞ்சம் இருங்கப்பா, ஸ்க்ரீன்ல சுத்திக்கினே இருக்குது," என்று கேட்டது. யாரையும் அவர் குறை சொல்லவில்லை.

அன்று மத்தியானம்தான் செவ்வாய்க்கிழமையே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். ஒரு ப்ராசஸை எடுத்து, அது வைத்திருப்பதாகக் காட்டும் மெமரியில் அதற்கே சொந்தமானது எவ்வளவு, மற்றவற்றோடு பங்கு போட்டுக்கொள்வது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தேன். சொந்தமானது எட்டு எம்பி. மற்றதெல்லாம் டேட்டாபேஸ் எல்லா ப்ராசஸ்களுக்கும் பொதுவாக வைத்திருக்கும் ஒரே இடம். அந்த ஒரே இடத்தில் தான் தொட்ட பகுதியை ஒவ்வொரு ப்ராசஸும் தன் கணக்கில் காட்டும். நான் அதை அறுபது முறை கூட்டியிருந்தேன். ஒரு வீட்டில் ஒரு தறி. புருஷன், பெண்டாட்டி, தம்பி மூன்று பேரும் மாறி மாறி அதில் உட்கார்ந்து நெய்கிறார்கள். தனித்தனியாகக் கேட்டால் மூவரும் "எனக்கு ஒரு தறி" என்பார்கள். மூன்று தறி என்று எழுதிக்கொண்டு வந்தவள் நான். அண்ணா திறந்து வைத்த அறுபது பக்கங்களையும் சேர்த்தால் அரை ஜிபிகூட வரவில்லை.

அப்படியானால் தின்றது யார்? அந்தப் பொது இடம் எவ்வளவு பெரியது என்று பார்த்தேன். இருபத்துநாலு ஜிபி. முப்பத்திரண்டில் இருபத்துநாலை அதற்கே எழுதி வைத்துவிட்டால், மிஞ்சும் எட்டில் சர்வரின் மற்ற வேலைகள் எல்லாம் எப்படி அடங்கும்? அதை அப்படி எழுதி வைத்தது யார் என்பதை எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. சேலை டிசைன்களைப் படம் பிடித்து ஏற்றத் தொடங்கியபோது, அதிகம் கொடுத்தால் வேகம் கூடும் என்று நான்தான் மாற்றினேன். எங்கள் சங்கத்தில் சாயங்காலம் பூட்டும்போது விளக்கோடு சர்வரையும் அணைத்துவிடுவார்கள். அதனால் காலையில் அந்த இடம் காலியாக இருக்கும். வேலை நடக்க நடக்க நிரம்பும். சேலை எடுக்கும் நாளில் பதினொரு மணிக்குள் நிரம்பிவிடும். அண்ணாவின் பக்கங்களும் அதே வேகத்தில் கூடிக்கொண்டு போயின. இரண்டும் சேர்ந்து ஏறியதைப் பார்த்துத்தான் நான் ஒன்றை மற்றதற்குக் காரணம் ஆக்கினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சனிக்கிழமை அந்த இடத்தை எட்டு ஜிபியாகக் குறைத்து டேட்டாபேஸை மறுபடி தொடங்கினேன். உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சேலை எடுக்கும் நாளில் ஓட்டிப் பார்த்தால்தானே நிச்சயம் என்று சனியும் திங்களும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பயம்தான், வேறொன்றுமில்லை. திங்கள் சாயங்காலம் அண்ணா மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடிக் கூடு, தைல பாட்டில், ஒரு துண்டு. அதைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனேன். அந்த நடையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய் பதினொரு மணி. பன்னிரண்டு. சர்வர் அலுங்காமல் ஓடியது. செயலாளர் அறைக்குப் போய், சர்வர் படுத்ததற்கு அண்ணா காரணமில்லை என்றேன்.

"அப்ப யாரு தப்பும்மா?"

"என் தப்பு சார். அண்ணாவ மாத்தாதீங்க."

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "வாயால சொன்னா ஆர்டரு நிக்காது. எழுத்துல குடு. தபால்ல பதிஞ்சு நம்பர் போட்டு வரட்டும். நிறுத்தி வெச்சிடறேன்."

எழுதினேன். பிறகுதான் உறைத்தது: எங்கள் அலுவலகத்தில் தபால் பதிவேடு இருப்பதும் அதே கவுன்டரில்தான். ஒரு கடிதத்தை வாங்கி, படித்து, பொருள் எழுதி, எண் போடுவதும் அண்ணாதான்.

நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். பின்னால் வரிசை நின்றது. பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"பொருள்ல இன்னா எழுதட்டும்?"

"சர்வர் சம்பந்தமாகன்னு போட்டுக்குங்கண்ணா," என்றேன், குரலைத் தாழ்த்தி.

பேனா நகரவில்லை. "அன்னிக்கு நீ சர்வர் சம்பந்தமா ஒண்ணும் சொல்லலியேம்மா. என்னத் தான சொன்ன. இவங்க அத்தன பேரு எதிர்லயும்."

அவர் குரலில் சூடு இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நான் திரும்பினேன். பெஞ்சில் இருந்த பாதிப் பேர் அன்றைக்கும் இருந்தவர்கள். முகம் எரிந்தது. "போன வாரம் அண்ணா மேல சொன்னேன் இல்ல, அது பொய்யாப் போச்சு. அவரு மேல எந்தத் தப்பும் இல்ல. சர்வர் நின்னது என்னால. நான்தான் தப்பா மாத்தி வெச்சிருந்தேன்," என்றேன்.

முன்னால் நின்ற பெண்மணி கையில் இருந்த சேலை மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அதெல்லாம் சரி கண்ணு, இனிமே நிக்காம ஓடுமா?" என்று கேட்டார்.

"ஓடும்மா."

திரும்பிப் பார்த்தபோது அண்ணா எண் போட்டு முத்திரையைக் குத்திக்கொண்டிருந்தார். கடிதத்தைச் செயலாளரின் தட்டில் வைத்துவிட்டு, "அடுத்தது யாருப்பா," என்றார். பதிவேடு திறந்தபடி கிடந்தது. பொருள் என்ற இடத்தில், தன் குண்டுக் கையெழுத்தில், சர்வர் சம்பந்தமாக என்றுதான் எழுதியிருந்தார்.