கள்ளிக் கடை

சூடான இரும்புக் கல்லில் சோள மாவு கருகும் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அம்மாவின் முந்தானைதான் நினைவுக்கு வரும். அதற்கு முன்பெல்லாம் அம்மாவிடம் ரப்பர் ஒட்டுப்பாலின் புளித்த நெடிதான் வீசும். மலேசியாவில் கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, பால்மரம் வெட்டிப் பால் எடுத்துப் பிழைத்த பெண்கள் பலருக்கும் வேலை போயிற்று. அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டதால், அம்மா பஸ் ஏறிச் சுங்கை பட்டாணி டவுனுக்குப் போய்க் கடை கடையாக வேலை கேட்டார். கிடைத்தது ஒரு மெக்சிகோ சாப்பாட்டுக் கடையில்.

அந்தக் கடையின் பெயர் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யார் வாயிலும் நுழையவில்லை. பெயர்ப்பலகையில் ஒரு கள்ளிச்செடி தொப்பி போட்டுக்கொண்டு நின்றதால் அம்மா அதைக் "கள்ளிக் கடை" என்றார். கேட்டவர்கள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. "ஏன் லெட்சுமி, போயும் போயும் கள்ளுக்கடையிலயா ஒனக்கு வேல கெடச்சுது?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசலில் நின்று உரக்கக் கேட்டதில் ஒரு வாரம் லயமே சிரித்தது.

கடை முதலாளி தனபாலன், அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், படிப்பை முடிக்காமல், அங்கே ஒரு மெக்சிகோக்காரர் கடையில் சமைக்கக் கற்றுக்கொண்டு திரும்பியவர். அம்மாவைவிட வயதில் இளையவர். அம்மாவை அவர் "அக்கா" என்பார், அம்மா அவரைத் "தம்பி" என்பார். மடித்த சோள ரொட்டிக்குள் கோழியும் காயும் வைத்த "தாக்கோ"வை முதலில் யாரும் சீண்டவில்லை. ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், தாக்கோவுக்குத் தொட்டுக்கொள்ள அவர் ஊற்றித் தந்த தக்காளிச் சாற்றை நக்கிப் பார்த்த அம்மா, "உப்பு இருக்கு, புளிப்பு இருக்கு, ஒறைப்பு எங்க தம்பி?" என்று கேட்டு, சிலி பாடி மிளகாயைச் சுட்டு, பூண்டோடு இடித்து, லிமாவ் எலுமிச்சை பிழிந்து கொடுத்தாராம். தின்றவர் கண் கலங்கி, "அக்கா, இனிமே இதுதான்லா நம்ம கடைச் சட்னி" என்றாராம். இதை அம்மா எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் முகம் இளமையாகிவிடும்.

அதன் பிறகு கடை வளர்ந்த வேகம் எங்களுக்கே பயமாக இருந்தது. மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் பள்ளி விட்டதும் வரிசையில் நின்றார்கள். அலோர் ஸ்டாரில் ஒரு கடை, கூலிமில் ஒன்று, பட்டர்வொர்த்தில் ஒன்று என்று கள்ளிச்செடி முளைத்துக்கொண்டே போயிற்று. எல்லாக் கடைக்கும் ரொட்டியும் சட்னியும் ஓரிடத்திலிருந்து போக வேண்டும் என்று, வடக்கு நெடுஞ்சாலையை ஒட்டிக் குருணில் பெரிய சமையல்கூடம் கட்டினார்கள். அம்மாதான் அங்கே தலைமை. தோட்டத்தில் வேலை இழந்த பெண்களைக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டதும் அம்மாதான். சிரித்த அதே லயம் இப்போது அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கினால் எழுந்து வழிவிட்டது.

உள்ளங்கையால் தட்டிய ரொட்டி போதாமல் போனபோது மெஷின் வந்தது. இரண்டு இரும்பு உருளைகள், நடுவே மாவு, மேலே, கை சிக்காமலிருக்க ஒரு மூடி. பினாங்கில் புதுக்கடை திறக்க இருந்த வாரம், மாவு ஒட்டும்போதெல்லாம் மூடியைத் திறந்து துடைக்க நேரம் போகிறது என்று மேற்பார்வைக்காரர் அதைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னார். அன்று காலை தனபாலன் வந்தார், சாய்ந்திருந்த மூடியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், "சீக்கிரம் அக்கா, வேன் காத்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். இது அம்மாவோடு நின்ற மாரியாயி அக்கா பிறகு எங்களுக்குச் சொன்னது.

மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் தனபாலன் நின்றார். சட்டையில் மாவும் ரத்தமும் சேர்ந்து காய்ந்திருந்தன. "அம்மாவுக்குக் கையில கொஞ்சம் அடி பாப்பா, வா" என்றார். ஆஸ்பத்திரியில் அம்மாவின் வலது கை துணிப்பொதியாக இருந்தது. உள்ளே கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே மிஞ்சியிருந்தது எனக்குக் கட்டுப் பிரித்த அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் பினாங்குக் கடை குறித்த நேரத்தில் திறந்தது. அதற்கு அடுத்த நாள் பக்கத்துக் கட்டில்காரர் வாங்கிய நாளிதழில், தனபாலன் கத்தரிக்கோலோடு சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

புண் ஆறியதும் வேலைக்குத் திரும்பினார். கல்லாவில் உட்கார வைத்தார்கள். சாப்பிட வந்தவர்கள் கையையே பார்த்ததால் பின்கட்டில் அவரைக்கொட்டை பொறுக்க அனுப்பினார்கள். ஒருநாள் அம்மா ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார், பிறகு போகவில்லை. தனபாலனைப் பற்றி நான் கொதித்துப் பேசும்போதெல்லாம், "சும்மா இரு" என்பதோடு முடித்துக்கொள்வார்.

கோலாலம்பூர் கம்பெனி ஒன்று கடைகளை மொத்தமாக வாங்கியது. சிலி பாடிச் சட்னி போய்ப் புட்டிச் சாறு வந்தது. ஒவ்வொன்றாகக் கடைகள் மூடின. போன மாதம் தனபாலன் இறந்த செய்தி வந்து, நாங்கள் இப்போது இருக்கும் அலோர் ஸ்டாரிலிருந்து அம்மாவைக் காரில் கூட்டிப்போனேன். குருண் சமையல்கூடத்தில் இப்போது டயர் அடுக்கியிருக்கிறார்கள். முதல் கடை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. எங்கள் லயமும் இல்லை. அங்கே செம்பனைதான் நிற்கிறது.

சாவு வீட்டில் வாய்க்கரிசி போட அம்மாவும் வரிசையில் நின்றார். இடது கையால் அரிசியை அள்ளியபோது, பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "சோத்துக் கையால போடும்மா" என்றார். அம்மா முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தார். பெரியவர் தலைகுனிந்தார். தனபாலனின் மனைவி எழுந்து வந்து தன் உள்ளங்கையை அந்தக் கைக்கு அடியில் கொடுக்க, இருவருமாக அரிசியைப் போட்டார்கள்.

திரும்பும் வழியில் அம்மா சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"எவ்வளவோ பேசுன வாயி, தம்பிக்கு. அன்னிக்கு 'மூடியப் போடுங்கக்கா'ன்னு ஒரு வார்த்த வரலியே."