கணிதம் இருபத்தெட்டு

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எரிந்தபோது எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் என் கணக்குக் கொப்பியும் அதோடு எரிந்துவிட்டதில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. இலங்கையிலிருந்து படகேறி, மண்டபம் கரையில் இறங்கி, கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கியை முகாமாக்கி எங்களைக் குடிவைத்தார்கள். கடல் தாண்டிவிட்டோம், இனிக் கணக்கு என்னைத் துரத்தி வராது என்று நம்பினேன். அப்போது எனக்குப் பதினொரு வயது.

வந்த ஐந்தாம் நாளே அம்மா என் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனாள். அப்பா காய்ச்சலாய்ப் படுத்திருந்தார். அலுவலகத்தில் இருந்த கிளார்க் டி.சி. கேட்டார்.

"விடுகைப் பத்திரம் எரிஞ்சுபோச்சு" என்றாள் அம்மா. எங்கள் ஊரில் டி.சி.க்கு அதுதான் பெயர்.

கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். "விடுதலைப் பத்திரமா? உங்க வீட்டுக்காரரு ஜெயில்லயா இருந்தாரு?"

"அவர் தபால் கந்தோரிலை வேலை செய்தவர்" என்றாள் அம்மா, கோபமாக. கந்தோர் என்றால் அலுவலகம் என்று நான் நடுவில் புகுந்து சொல்லவேண்டியிருந்தது. எல்லாம் விளங்கிய பிறகும் கிளார்க் மசியவில்லை. "டி.சி. இல்லன்னா எலிமெண்டரில போயி ஒண்ணாம் வகுப்புல சேருங்கம்மா. நான் என்ன செய்ய?"

எனக்கு மகிழ்ச்சி தாளவில்லை. ஒன்றாம் வகுப்பில் பின்னம் கிடையாது.

அம்மா மூன்று நாள் அந்த வராந்தாவில் போய் உட்கார்ந்தாள். நான்காம் நாள், முகாமில் யாரிடமோ வாங்கிய தாள்களோடு போனாள். எனது ஆறாம் வகுப்பு மதிப்பெண்களையெல்லாம் நினைவிலிருந்து தன் கையாலேயே எழுதியிருந்தாள். இந்த முறை நேராகத் தலைமையாசிரியரிடமே போய்விட்டோம். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு உரக்கப் படித்தார்.

"தமிழ் எண்பத்தொண்ணு. சமயம் தொண்ணூறு. கணிதம் இருபத்தெட்டு." நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, நீங்களேதான எழுதுதீங்க. ஒரு எழுபது போட்டிருந்தா யாரு கேக்கப் போறா?"

"அவள் எடுத்தது இருபத்தெட்டுத்தான் சேர்."

தரை பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. இந்தியாவில் ஒருவருக்கும் தெரியாத ரகசியம் அது. தலைமையாசிரியர் சிரித்துவிட்டுக் கிளார்க்கைக் கூப்பிட்டார். "ஏழாம் வகுப்புல எழுதும், வே. இவ்வளவு உண்மையான டி.சி. நம்ம பீரோவுலயே கிடையாது."

எழுதப்போன கிளார்க் தாளைப் புரட்டினார். அடியில் இன்னொன்று இருந்தது. "இது யாருக்கு?"

"மூத்தவனுக்கு. பத்தாம் வகுப்பு" என்றாள் அம்மா.

"பையன் எங்க?" என்றார் தலைமையாசிரியர்.

"படகடிக்கு வரேக்கை சனத்துக்குள்ளை தவறிப்போனான் சேர். வருவான். வந்தாப் பிறகு இதுக்கு அலையக் கூடாதெல்லோ."

தலைமையாசிரியர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அதில் கணிதம் தொண்ணூற்றிரண்டு. பிறகு, "அதையும் எழுதும்" என்றார். கிளார்க் அந்தப் பெயரையும் எழுதிக்கொண்டார்.

அப்படித்தான் அண்ணன் பத்தாம் வகுப்புப் பதிவேட்டில் ஏறினான். தினமும் காலையில் அவன் பெயரைக் கூப்பிடுவது எங்கள் வகுப்பு வரை கேட்கும். பதில் வராது, ஆசிரியர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். நானோ ஒரு நாள் வயிற்றுவலி என்று மட்டம் போட்டதற்கு முழங்காலில் நின்றேன். இது என்ன நியாயம் என்று எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை அம்மா எனக்குத் தலை வாரும்போது சொல்லிவிட்டேன். "அண்ணன் ஒரு நாளும் வாறதில்லை. அவனை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறதுமில்லை."

அம்மாவின் கை சற்று நின்றது. பிறகு பின்னலை, உச்சி வலிக்கும்படி இழுத்துப் பின்னினாள். எப்போதும்போல அண்ணனுக்குத்தான் பரிந்துகொண்டு வருகிறாள் என்று நினைத்துக்கொண்டு, கோபத்தோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.