இரண்டு சுருதியில் ஐந்து பாட்டுகள்

பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியை அழைத்தார். போனை இடது காதில் வைத்தேன். எதுவும் கேட்கவில்லை. வலது காதுக்கு மாற்றினேன். அவர் பாதிப் பேச்சில் இருந்தார். போனில்தான் கோளாறு என்று நினைத்தேன்.

மத்தியானம் காதுக்குள் மோட்டார் ஓடுவதுபோல் இரைச்சல் தொடங்கியது. அன்னவாசல் மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு ஆறு நாள் காத்திருந்தேன். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

புதுக்கோட்டையில் காது மருத்துவர் ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று கோடாக வரையும் சோதனை) எடுத்தார்.

"காதழுக்கு, குறும்பியெல்லாம் இல்லைங்க. உள்காது நரம்பு. அன்னைக்கே வந்திருந்தா நல்லாருந்திருக்கும்."

"முழுசா வந்துருமா டாக்டர்?"

"சிலருக்கு வருது, சிலருக்குப் பாதி வருது. ஒங்களுக்கு எப்படின்னு இப்ப சொல்லத் தெரியல."

ஸ்டீராய்டு (உள்காது வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) மாத்திரையாகவும், பிறகு செவிப்பறை வழியே ஊசியாகவும் கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் கேட்கத் தொடங்கியது. ஆனால் என் கணவர் சகாயம் பேசினால் இரண்டு பேர் பேசுவதுபோல் இருந்தது. டிப்ளகூசிஸ் (ஒரே ஒலி இரு காதிலும் வேறுவேறு சுருதியில் கேட்பது) என்றார் மருத்துவர். நன்றாகப் பழகிய ஒரு பாட்டைத் தினமும் கேட்கச் சொன்னார்.

எனக்கு மனப்பாடமாக இருந்தவை ஐந்து பாட்டுகள். கல்லூரி முடித்த வருடம் நானும் நண்பன் பிரிட்டோவும் குழு என்று சொல்லிக்கொண்டு, கந்தர்வக்கோட்டையில் அவன் மாமாவின் முந்திரிக் கொட்டகையில் போனில் பதிவு செய்தவை. அவன் கிட்டார், நான் குரல். மெதுவான, துக்கமான பாட்டுகள். இணையத்தில் ஏற்றினோம், யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அவன் மஸ்கட் போய்விட்டான். நான் ஆசிரியை ஆனேன். அவற்றைக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

ஹெட்போனில் போட்டேன். இடது காதில் என் குரல் அரைச் சுரம் கீழே ஒலித்தது. அது எதிர்பார்த்ததுதான். இடதை நீக்கிவிட்டு வலதில் மட்டும் கேட்டேன். அதிலும் பாட்டு தொடங்கிய சுருதியில் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, முடிவில் அரைச் சுரம் கீழே வந்திருந்தது. ஐந்து பாட்டிலும் அப்படியே. நல்ல காதும் போகிறது என்று நினைத்தேன்.

சகாயத்தைக் கேட்கச் சொன்னேன். "எனக்கு நல்லாத்தான் கேக்குது. ஆனா எனக்கென்ன தெரியும்?" என்றார்.

வெள்ளிக்கிழமை பிரிட்டோவுக்கு விடுமுறை. அழைத்து விவரத்தைச் சொன்னேன்.

"அது ஒன் காது இல்ல ஜெயா. அந்தக் கிட்டார்ல கம்பிய முறுக்குற சாவி புடிக்காது. வாசிக்க வாசிக்கக் கம்பி தளர்ந்துக்கிட்டே போகும். நீயும் அதோடயே எறங்கிப் பாடுவ."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திருவ. கேக்க நல்லாருந்துச்சு."

வலது காது பிழைத்தது என்று நிம்மதி வர வேண்டும். வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. அந்தத் துக்கத்தை நான்தான் பாட்டுக்குக் கொடுத்தேன் என்று இத்தனை வருடம் எண்ணியிருந்தேன். அது தளர்ந்த கம்பியுடையதா, என்னுடையதா? அவன்மேல் கோபப்படுவதா என்றும் தெரியவில்லை.

கடைசிச் சோதனையில் தாழ்ந்த ஒலிகள் ஓரளவு திரும்பியிருந்தன, உயர்ந்தவை இல்லை. "இனி இவ்வளவுதாங்க" என்றார் மருத்துவர். வகுப்பில் பிள்ளைகள் கூப்பிட்டால் தவறான பக்கம் திரும்புகிறேன். அவர்கள் பழகிவிட்டார்கள்.

இப்போதும் அந்தப் பாட்டுகளைக் கேட்கிறேன். வலது காதில் பாட்டு மெல்ல இறங்கி, முடிவின் சுருதிக்கு வந்து சேர்கிறது. இடது காதிலோ, இன்னும் அரைச் சுரம் கீழே கேட்பதால், அது முதல் வரியிலேயே அங்கே இருக்கிறது. இரண்டு காதிலும் சேர்த்துக் கேட்கும்போது, பாட்டு தொடங்குகிறதா முடிகிறதா என்று எனக்குப் பிடிபடுவதில்லை.