பச்சையம்மாவின் எண்கோடு

ஈர மணலில் தூவிய சுண்ணாம்புத் தூளுக்கு, மூக்கின் உள்ளே மெல்லச் சுடும் ஒரு வாடை உண்டு. வெயிலில் காயும் நெத்திலிக் கருவாட்டின் வாடையும் அதோடு சேர்ந்துகொண்டால், நான் எங்கே இருந்தாலும் எட்டாம் வகுப்பின் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுவேன். எழுபதுகளின் தொடக்கம் அது. பழவேற்காட்டுப் பக்கம், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் மணல்திட்டில் எங்கள் குப்பம் இருந்தது. கிழக்கே பார்த்தால் கடல், மேற்கே திரும்பினால் ஏரி. ஓடு வேய்ந்த இரண்டு அறைகளும் ஒரு கொடிக்கம்பமும்தான் எங்கள் நடுநிலைப் பள்ளி. பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கிடையாததால், கருவாடு காயப்போடுகிறவர்கள் எங்கள் விளையாட்டு மணலில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆண்டு எங்களுக்குக் கணக்குச் சொல்லித்தர வந்தவர் ரங்கநாயகி டீச்சர். திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். பழவேற்காட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கி, தினமும் தோணியில் ஏரியைக் கடந்து வருவார். முதல் வாரம் முழுக்க முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே பாடம் நடத்தியதால் நாங்கள் அவருக்கு "மூக்குப்பொத்தி டீச்சர்" என்று பேர் வைத்தோம். இரண்டாவது வாரம் முந்தானை இறங்கிவிட்டது, பேர் மட்டும் நின்றது.

குறை எண் என்ற ஒன்றை அவர் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பே விழித்தது. மூன்று மீன் தெரியும், மீனே இல்லாத கூடையும் தெரியும். அதற்கும் கீழே என்ன இருக்க முடியும்? இரண்டு நாள் எழுதி எழுதி அழித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் ஒரு பை சுண்ணாம்புத் தூளோடு வந்து, எங்களை வெளியே அழைத்துப்போய், மணலில் நீளமாக ஒரு கோடு போட்டார். கொடிக்கம்பத்தின் அடி பூச்சியம். கடல் பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்று மிகை எண்கள். ஏரிப் பக்கம் குறை எண்கள். நடக்கும் விதி எளிது. முதல் எண்ணின் மேல் போய் நிற்க வேண்டும். கூட்டல் என்றால் கடலைப் பார்க்க வேண்டும், கழித்தல் என்றால் ஏரியைப் பார்த்துத் திரும்ப வேண்டும். அடுத்து வருகிற எண் மிகையானால் முன்னே நடக்க வேண்டும், குறையானால் முகத்தைத் திருப்பாமல் அப்படியே பின்பக்கமாக நடக்க வேண்டும். நின்ற இடம்தான் விடை.

அந்தக் கோட்டின் மேல் எங்கள் எல்லோரையும்விட நன்றாக நடந்தவள் பச்சையம்மா. அடுத்த வீட்டுப் பெண், என்னைவிட ஒரு வயது பெரியவள், அதுவரை கணக்கில் எப்போதும் கடைசி. எழுத்தாக இருந்தவரை அவளைப் பயமுறுத்திய எண்கள், காலடிக்குக் கீழே வந்ததும் பழகிவிட்டன. மைனஸ் மூன்றிலிருந்து மைனஸ் நான்கைக் கழி என்றால், ஏரிப் பக்கம் மூன்றில் போய் நின்று, ஏரியைப் பார்த்தபடியே நான்கடி பின்னால் வைத்து, கம்பத்தைத் தாண்டிக் கடல் பக்கம் ஒன்றில் வந்து நின்று, "டீச்சர், ஒண்ணுக்கு வந்துட்டேன்" என்று சிரிப்பாள். "எல்லாரும் பாத்துக்கோங்கோ, இவ மாதிரி நடந்து பாருங்கோ, தப்பே வராது" என்பார் டீச்சர். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள் நான். ஆனால் நடந்துகாட்ட அவர் ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லை. அதில் எனக்குப் பொறாமை இருந்தது. எவ்வளவு இருந்தது என்று இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

பொங்கல் விடுமுறைக்குப் போன டீச்சர் ஒருநாள் மட்டும் திரும்பி வந்தார். கல்யாணம் நிச்சயமாகி, திருவள்ளூர்ப் பக்கமே மாற்றலும் கிடைத்திருந்தது. தோணி ஏறும்போது என் கையைப் பிடித்து, "சரோஜா, பச்சையம்மாகூட உக்காந்து கணக்குப் போடு. பாஸ் பண்ணிடுவா, விட்டுடாதே" என்றார். அவருக்குப் பதில் வேறு யாரும் வரவில்லை. தலைமையாசிரியர் இரண்டு அறைக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லா வகுப்புக்கும் எல்லாப் பாடத்தையும் தானே பார்த்தார். கடல் காற்றில் சுண்ணாம்புக் கோடு ஒரு வாரத்தில் மறைந்துபோனது.

பச்சையம்மா பாஸ் பண்ணுவது ஏன் முக்கியம் என்று குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எட்டாம் வகுப்புக்கு அப்போது அரசுப் பரீட்சை இருந்தது. அதில் தேறினால் பொன்னேரி உயர்நிலைப் பள்ளிக்குப் போகலாம். அவளுடைய நைனா கோபக்காரர், ஆனால் சொன்ன சொல்லை மாற்றாதவர். "பாஸ் பண்ணுச்சுன்னா பொன்னேரில சேக்கறேன். பெயிலாச்சுன்னா அவ அம்மாகூட மீன் கூடை தூக்கட்டும். ரெண்டாவது தபா எழுதறதெல்லாம் நம்ம ஊட்ல கெடையாது" என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தார்.

அதனால் தினமும் பள்ளி விட்டதும், கரையேற்றிக் கவிழ்த்த ஒரு படகின் நிழலில் அவளும் நானும் உட்கார்ந்தோம். அவள் ஒரு கணக்குப் போடுவதற்குள் நான் நாலு போட்டுவிடுவேன். அவள் எழுந்து, மணலில் விரலால் கோடு கிழித்து, நடந்து, நின்று, திரும்பி வந்து எழுதுவாள். விடை சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் எனக்கு எரிச்சலாக வரும். "பரீட்சை ஹால்ல எழுந்து நடப்பியா?" என்று கேட்டேன் ஒருநாள். அவள் முகம் வாடிப்போனது. அன்றிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்து, பாதத்தை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துக்கொண்டாள்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, பொன்னேரியில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் லீவில் வந்தான். எங்கள் நோட்டைப் பார்த்துச் சிரித்தான். "இதுக்குப் போயி இவ்ளோ பேஜாரா? மைனஸும் மைனஸும் சேந்தா பிளஸ். அத்த மட்டும் ஞாபகம் வச்சிக்கினு போய்க்கினே இரு" என்றான். அவன் மனதில் இருந்தது பெருக்கலோ, அடைப்புக்குறிக்கு முன்னால் வரும் கழித்தலோ, தெரியாது. எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று அவன் சொல்லவில்லை. நான் எனக்குள் அதை ஓரளவு சரிப்படுத்திக்கொண்டேன், கழித்தல் வந்தால் மட்டும் பயன்படுத்தினேன். பச்சையம்மாவிடம் சொன்னபோது, அண்ணன் சொன்ன மாதிரியே, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொன்னேன்.

அவள் யோசித்தாள். பிறகு மணலில் காலை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அது எப்டி சரோசா? ஏரிப் பக்கம் மூணுல நிக்கறேன். அங்கேர்ந்து இன்னும் நாலு பின்னாலதான போறேன்? கடல் பக்கம் எப்டி வருவேன்?"

கணக்கு ஆசிரியையாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டேன். ஒரு குழந்தை அதைவிடச் சரியாகக் கேட்டு நான் கேட்டதில்லை. அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. கோயில் திடலில் ஊஞ்சல் கட்டியிருந்தார்கள், மற்ற பெண்கள் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "கணக்குல அப்டித்தான். நீ ஒண்ணும் யோசிக்காத, சொன்னத போடு" என்றேன். அவள் குனிந்து போட்டாள். மைனஸ் மூன்றும் மைனஸ் நான்கும் கூட்டினால் ஏழு என்று சிலேட்டில் எழுதி என் பக்கம் நீட்டினாள். முன்னால் குறி இல்லாத ஏழு. நான் அதைப் பார்த்தேன். ஏதோ இடிக்கிறது என்று எனக்குப் பட்டது. "சரி, சரி" என்று சொல்லிவிட்டு ஊஞ்சலுக்கு ஓடினேன்.

பரீட்சைக்கு எங்களைத் தோணியில் அக்கரை சேர்த்து, பஸ்ஸில் பொன்னேரிக்கு அழைத்துப் போனார்கள். கணக்குப் பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் பச்சையம்மாதான் என்னிடம் ஓடிவந்தாள். இவ்வளவு சீக்கிரம் அவள் எந்தப் பரீட்சையையும் முடித்ததில்லை. "நீ சொன்ன மாதிரியே போட்டேன், டக்கு டக்குன்னு வந்திருச்சு" என்றாள். மைனஸ் எட்டும் மைனஸ் ஐந்தும் கூட்டினால் என்ன போட்டாய் என்று கேட்டேன். "பதிமூணு" என்றாள். "பிளஸ்ஸா?" என்றேன். "ஆமா, நீதான சொன்ன?"

அந்த மாதிரிக் கணக்கு மூன்று வந்திருந்தது. மூன்றும் தவறு என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவள் என் தோளில் சாய்ந்து பழவேற்காடு வரை தூங்கிக்கொண்டு வந்தாள்.

முடிவு வர இரண்டு மாதத்துக்குமேல் ஆனது. அந்த நாட்களில் அவள் பொன்னேரியைப் பற்றி மட்டும்தான் பேசினாள்: அங்கே தாவணி கட்ட வேண்டுமா, மதியச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்காரலாமா. எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். ஒருநாள் காலையில் தலைமையாசிரியர் மதிப்பெண் காகிதங்களோடு வந்தார். மற்ற எல்லாப் பாடத்திலும் பச்சையம்மா தேறியிருந்தாள். கணக்கில் நான்கு மார்க் போதவில்லை. ஒரு கணக்குக்கு இரண்டு மார்க் என்று மூன்று கணக்கையும் நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அவளுடைய நைனா கத்தவில்லை, அடிக்கவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலையை மட்டும் ஆட்டினார். தலைமையாசிரியர் மறுபடி எழுத வைக்கலாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். நான் வாசல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தப்பு அவளுடையது இல்லை, நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சொன்ன சொல்லை மாற்றாத அந்த மனிதர் அன்றைக்கு மட்டும் மாற்றியிருப்பாரோ என்னவோ. நான் சொல்லவில்லை. என்னையும் பொன்னேரிக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். மறுநாள் விடிந்ததும் அவள் அம்மாவுக்குப் பின்னால் கூடையோடு நடந்து போனாள். ஜூன் மாதம் நான் தாவணி கட்டிக்கொண்டு பொன்னேரிக்குப் போனேன்.

அந்தப் பத்தாண்டு முடியும்போது எனக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளியில் முதல் வேலை கிடைத்தது. ஊரைச் சுற்றிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. எங்கே பார்த்தாலும் செங்கல்லும் லாரியுமாக இருக்கும். ஒரு மதியம் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது, எதிரே கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் ஜல்லிச் சட்டி சுமக்கிற பெண்களுக்கு நடுவில் பச்சையம்மாவைக் கண்டேன். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் கடலை விட்டுவிட்டுக் கொத்து வேலைக்கு வந்துவிட்டார் என்றாள். டீக்கடை நிழலில் உட்கார்ந்தோம். அத்தனை வருடமாக மனதில் கிடந்ததை அங்கே நான் சொன்னேன்: நான் சொல்லிக்கொடுத்தது தவறு, உன் சிலேட்டைப் பார்த்தும் திருத்தவில்லை, உன் நைனாவிடம் சொல்லவும் இல்லை.

அவள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்: "தப்புன்னு எனக்குத் தெரியும் சரோசா. பரீட்சைல மொதல்ல மைனஸ் பதிமூணுன்னுதான் போட்டேன். பெஞ்சுக்கு அடியில கால வச்சிப் பாத்தேன், ஏரிப் பக்கம்தான் போச்சு. அப்பறம் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. படிக்கிறவ அவ, அவளுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுதுன்னு அடிச்சிட்டு மாத்திப் போட்டேன். மூணுத்தையும்." டீயைக் குடித்து முடித்து கிளாஸைக் கீழே வைத்தாள். "விடு, அத்த இன்னாத்துக்கு இப்ப பேசிக்கினு" என்றபோது மேஸ்திரி கூப்பிட்டார். சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் கோபப்பட்டிருந்தால் நான் கொஞ்சமாவது பிழைத்திருப்பேன்.

அதன் பிறகு பல பள்ளிகளில், எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை நடத்தினேன். மணல் இருந்த பள்ளிகளில் கோடு போட்டு நடக்க வைத்தேன். போகப் போக எல்லாப் பள்ளி முற்றத்திலும் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு ஆண்டும் டியூஷனிலிருந்து யாராவது ஒரு பிள்ளை அந்த ஒரு வரியை மனப்பாடமாகக் கொண்டுவந்து கை தூக்கும். நான் திருத்துவேன். ஆயிரம் பேருக்குத் திருத்தினாலும் அது ஒருத்திக்குத் திருத்தியதாக ஆகாது என்பது பணி ஓய்வு பெற்ற அன்றும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

இரண்டு வருடம் முன்பு பச்சையம்மா இறந்துபோன செய்தி எட்டு நாள் கழித்துத்தான் எனக்கு வந்தது. மறுநாளே குப்பத்துக்குப் போனேன். கடல் அரித்துக்கொண்டே வந்ததால் குப்பத்தை உள்ளே தள்ளிக் காலனி வீடுகளாகக் கட்டிவிட்டிருக்கிறார்கள். பழைய பள்ளி நின்ற இடம் தண்ணீருக்குள் இருக்கிறது. எந்த இடத்தில் என்று விரல் நீட்டிக் காட்ட அங்கே யாருக்கும் தெரியவில்லை. கடைசிக் காலத்தில் பச்சையம்மா அந்தக் காலனிக்கே திரும்பி வந்து மகனோடு இருந்திருக்கிறாள். அந்த மகன் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, "நீங்க அம்மாவுக்கு எப்டி பழக்கம்?" என்று கேட்டான். ஒன்றாகப் படித்தோம் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

"அம்மா ஸ்கூலுக்குப் போச்சா இன்னா? கைநாட்டுதான வைக்கும். படிச்சேன்னு ஒருநாளும் சொன்னதில்லையே" என்றான்.

எட்டாவது வரை படித்தாள் என்றேன். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி என்றேன். சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் எதையாவது நல்லதாகச் சொல்லத்தானே செய்வார்கள் என்பதுபோல அவன் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, எனக்குக் காப்பி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தான்.